அயல்நாட்டு ரயிலில் எதை ஏற்றலாம்

வெளிநாட்டு ரயில்களில் பயணியின் சுமையைப் பெரும்பாலும் தராசு அளப்பதில்லை, அளவுநாடாதான் அளக்கிறது. விமானம் கிலோவைப் பார்க்கும். ரயில் இடத்தைப் பார்க்கும். நடைபாதை அடைபடக் கூடாது, கதவை எதுவும் மறைக்கக் கூடாது, அடுத்தவர் காலுக்குக் குறுக்கே பை கிடக்கக் கூடாது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் சூட்கேஸை வாங்கிச் சீட்டு ஒட்டித் தனிப் பெட்டியில் ஏற்றி அனுப்பும் வழக்கம் அநேகமாக மறைந்துவிட்டது. போர்ட்டர்களும் அரிது. இடைப்பட்ட நிலையங்களில் ரயில் நிற்பது ஓரிரு நிமிடம்தான். அதற்குள் பயணி தன் சுமையைத் தானே தூக்கி, தானே ஏற்றி, தானே தட்டில் வைத்தாக வேண்டும். ஒரே நடையில் தூக்கிக்கொண்டு படியேற முடியாத சுமை ரயிலுக்கான சுமை அல்ல என்பது எந்த விதிப்புத்தகத்திலும் எழுதப்படாத, ஆனால் எல்லா நாட்டுக்கும் பொருந்துகிற முதல் விதி. நான்கு சூட்கேஸ், இரண்டு அட்டைப்பெட்டி, ஒரு சாக்குமூட்டை என்று கட்டிக்கொண்டு, வழியனுப்ப வந்த உறவினர்களை வைத்தே எல்லாவற்றையும் ஏற்றிப் பழகிய குடும்பங்கள் அங்கே முதல் நாளே திண்டாடிவிடும்.

இந்த இடக்கணக்கை மிக நுணுக்கமாகப் போட்டிருக்கும் நாடு ஜப்பான். ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) குழும நிறுவனங்களின் ரயில்களில் ஒருவர் 2 உருப்படிகளைக் கட்டணமின்றிக் கொண்டுபோகலாம். ஒவ்வொன்றும் 30 கிலோவுக்குள், நீளத்தில் 2 மீட்டருக்குள், நீளம் அகலம் உயரம் மூன்றையும் கூட்டினால் 250 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். சொல்லப்போனால் தாராளமான வரம்புதான். சிக்கல் புல்லட் ரயிலில் வந்தது. அதன் பெட்டிகளில் தலைக்கு மேலுள்ள தட்டைத் தவிரப் பெரிய சூட்கேஸ்களுக்கென்று அப்போது தனி இடம் இருக்கவில்லை. கடைசி வரிசை இருக்கைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒன்றுதான் இருந்தது. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் பெருகப் பெருக, முதலில் ஏறியவர் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொள்வதும், கடைசி வரிசையில் அமர்ந்தவரால் இருக்கையைச் சாய்க்க முடியாமல் போவதும் வாடிக்கையாயிற்று. 2020 மே மாதம் அதற்கு விதி வந்தது. தோக்கியோவிலிருந்து ஒசாக்கா வழியாகக் கியூஷு வரை செல்லும் புல்லட் ரயில் தடங்களில், மூன்று அளவுகளின் கூட்டுத்தொகை 160 செ.மீ.யைத் தாண்டும் சூட்கேஸோடு வருகிறவர், அந்த இடைவெளியோடு சேர்ந்த கடைசி வரிசை இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை. பதிவில்லாமல் ஏறினால் 1,000 யென் கட்டணம். சூட்கேஸை நடத்துநர் சொல்லும் இடத்தில் கொண்டுபோய் வைக்கவும் வேண்டும். விமான நிறுவனங்கள் பல, சரக்கறையில் ஏற்றும் சூட்கேஸுக்கு விதித்திருக்கும் வரம்பு 158 செ.மீ. ஆகவே விமானத்தில் கூடுதல் கட்டணம் கேட்காத சூட்கேஸ் புல்லட் ரயிலிலும் மயிரிழையில் தப்பிவிடும். குழந்தைத் தள்ளுவண்டி, சக்கர நாற்காலி, இசைக்கருவி, விளையாட்டுச் சாதனங்கள் ஆகியவற்றுக்கு இந்தக் கட்டாயப் பதிவு இல்லை.

ஜப்பானியர்களில் பலர் பெரிய சூட்கேஸை ரயிலில் ஏற்றுவதே இல்லை. 1976-இல் யமாதோ நிறுவனம் தொடங்கிய வீடுதேடி வரும் கூரியர் சேவை, குட்டியைக் கவ்விச் செல்லும் கறுப்புப் பூனைச் சின்னத்தோடு நாடெங்கும் ஓடுகிறது. தங்கும் விடுதியின் வரவேற்பறையில் சூட்கேஸைக் கொடுத்தால், பெரும்பாலும் மறுநாள் அடுத்த ஊர் விடுதியில் காத்திருக்கும். ஓரிரவுக்கான துணியோடு ரயிலேறுவது எவ்வளவு சுகம் என்பதை ஒருமுறை செய்து பார்த்தவர்கள் பிறகு விடமாட்டார்கள்.

பிரான்ஸ் இந்த விஷயத்தில் நெடுங்காலம் கண்டும் காணாமலும் இருந்தது. 2024-இல் நிலைமை மாறியது. டி.ஜி.வி. அதிவேக ரயில்களில் இப்போது ஒருவருக்கு 70×90×50 செ.மீ.க்கு மிகாத 2 பெரிய உருப்படிகளும், 40×30×15 செ.மீ. கைப்பை ஒன்றும்தான். மீறினால் 50 யூரோ அபராதம். வழியை அடைத்து இடைஞ்சல் செய்யும் சுமையென்றால் 150 யூரோ வரை போகும். அபராதத்தைவிட முக்கியமான விதி இன்னொன்று உண்டு. ஒவ்வொரு சுமையிலும் உரிமையாளரின் பெயர் தெரிய வேண்டும். பெயரில்லாத பை ஒன்று ஆளில்லாமல் கிடந்தால் அந்தப் பகுதியைக் காலிசெய்து வெடிகுண்டு நிபுணர்களை வரவழைத்துவிடுவார்கள். பைக்காரர் பக்கத்துக் கடையில் காபி குடித்துக்கொண்டிருப்பார். ரயில்கள் வரிசையாகத் தாமதமாகும். பிரிட்டனில் 30×70×90 செ.மீ.க்கு உட்பட்ட 2 பெரிய உருப்படி, ஒரு கைப்பை. ஸ்பெயினின் அதிவேக ரயிலில் எடையும் கணக்கில் வரும்: மொத்தம் 25 கிலோ. மற்ற ஐரோப்பிய நாடுகளில் பெரும்பாலும், தட்டில் அடங்குகிற வரை யாரும் கேட்பதில்லை.

எடையைப் பிடித்துக்கொண்டிருப்பவை நெடுந்தூர ரயில் நாடுகள். ரஷ்யாவில் சைபீரியாவைக் கடக்கும் ரயில் உட்படச் சாதாரண வகுப்புகளில் ஒரு டிக்கெட்டுக்கு 36 கிலோ. சீனாவில் பெரியவருக்கு 20 கிலோ, குழந்தைக்கு 10 கிலோ. உருப்படி ஒவ்வொன்றின் மூன்று அளவுகளும் சேர்ந்து சாதாரண ரயிலில் 160 செ.மீ., அதிவேக ரயிலில் 130 செ.மீ. இந்த 130 சற்றே கண்டிப்பானது. பெரிய குடும்ப சூட்கேஸ் அதில் அடங்காது. நடைமுறையில் அளந்து பார்ப்பது அபூர்வம் என்றாலும் விதி விதிதான். எல்லாரையும்விட வள்ளல் அமெரிக்காவின் ஆம்டிராக். கையோடு எடுத்துச்செல்ல 23 கிலோ எடையுள்ள 2 சூட்கேஸ்கள், அவை போகச் சிறு கைப்பை. சரக்குப் பெட்டி இணைத்த ரயில்களில் மேலும் 2 சூட்கேஸ்களை இலவசமாக ஒப்படைக்கலாம். இந்திய ரயில்வேயின் படுக்கை வகுப்பில் இலவச வரம்பு 40 கிலோ என்பதோடு ஒப்பிட்டால், அமெரிக்க ரயிலின் மொத்தம் இரண்டு மடங்குக்கும் மேல்.

அளவு முடிந்தபின் சோதனை. ஐரோப்பாவில் பெரும்பாலான ரயில்களுக்குச் சோதனையே கிடையாது. பிளாட்பாரத்துக்கு நடந்துபோய் ஏறவேண்டியதுதான். தண்ணீர் பாட்டில், ஊறுகாய், ஷாம்பு எதையும் யாரும் கேட்கமாட்டார்கள். விலக்குகளில் முக்கியமானது, 1994-இல் திறக்கப்பட்ட கால்வாய்ச் சுரங்கத்தின் வழியே லண்டனைப் பாரிசோடும் பிரசல்சோடும் இணைக்கும் யூரோஸ்டார். சுமார் 50 கி.மீ. சுரங்கம், அதில் பெரும்பகுதி கடலுக்கடியில். அதனால் விமான நிலையத்தைப் போலவே எக்ஸ்ரே இயந்திரம், உலோகச் சோதனை, கடவுச்சீட்டுச் சரிபார்ப்பு எல்லாம் உண்டு. ஆனால் விமானத்தின் 100 மில்லி திரவ விதி இங்கே இல்லை. தேங்காயெண்ணெய் பாட்டிலை முழுசாகவே எடுத்துப்போகலாம். நீண்ட கத்தி, பொம்மைத் துப்பாக்கி ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. தடைப் பட்டியலில் பீரங்கிக் குண்டுகளும் இருப்பதைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. முதல் உலகப்போரின் களங்களான வட பிரான்சிலும் பெல்ஜியத்திலும் உழவர்களின் ஏர்முனையில் இன்றும் வெடிக்காத குண்டுகள் தட்டுப்படுகின்றன. போர்க்களச் சுற்றுலா போகிறவர்கள் அவற்றை நினைவுப்பொருளாகப் பையில் போட்டுக்கொள்ளும் ஆபத்து உண்மையானது.

சீனாவில் சோதனை இல்லாத நிலையமே இல்லை. நகர மெட்ரோவிலும் பையை எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்துத்தான் நுழைய வேண்டும். கையில் தண்ணீர் பாட்டில் இருந்தால் ஒரு மடக்குக் குடித்துக் காட்டச் சொல்வதுண்டு. 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பட்டியல் மில்லி மில்லியாகக் கணக்கிட்டுப் பேசுகிறது: அழுத்தக் கலனிலுள்ள ஸ்பிரே ஒன்று 150 மில்லிக்குள், நகப்பூச்சு 50 மில்லிக்குள், சிகரெட் லைட்டர் இரண்டு, தீப்பெட்டி சிறியதாக இரண்டு. அலகு 6 செ.மீ.க்கு மேற்பட்ட சமையல் கத்தி, பழக்கத்தி, கத்தரிக்கோல் எதுவும் பெட்டிக்குள் வரக் கூடாது. குழுவாகப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டே ஊர் சுற்றும் யாத்திரைக் கோஷ்டிகள் அரிவாள்மணையை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்புவதே மேல். பூஜைப் பையில் இருக்கும் கற்பூரமும் சர்வதேச வகைப்பாட்டில் எளிதில் தீப்பிடிக்கும் திடப்பொருள்தான். அதற்காக வாதாடுவது வீண்.

இப்படிப்பட்ட பட்டியல்களைப் படிக்கும்போது அதிகாரிகளின் கற்பனை என்றுதான் தோன்றும். உண்மையில் பல வரிகளுக்குப் பின்னால் நடந்த சம்பவம் ஒன்று இருக்கிறது. ஜப்பானின் புல்லட் ரயிலில் 2015 ஜூன் 30 அன்று ஒருவர் எரிபொருளைத் தன்மேல் ஊற்றித் தீவைத்துக்கொண்டார். அவரோடு ஒரு பெண் பயணியும் இறந்தார். மறு ஆண்டே எளிதில் தீப்பற்றும் திரவங்களைப் பயணிகள் கொண்டுவருவது தடைசெய்யப்பட்டது. 2018 ஜூனில் அதே தடத்தில் கத்திக்குத்து நடந்தது. தடுக்க முயன்ற பயணி உயிரிழந்தார். 2019 ஏப்ரல் முதல் உறையில்லாத கத்திக்கு ரயிலில் இடமில்லை. தோக்கியோவின் கப்பாபாஷித் தெருவில் சமையல் கத்தி வாங்குகிறவர்கள், கடைக்காரர் சுற்றிக்கொடுத்த உறையை வீடு சேரும்வரை பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும். தீ விஷயத்தில் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறி ஏற்றிவந்த எரிவாயு சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள்.

புதிய தீ, மின்கலத்தில் இருந்து வருகிறது. 2021 நவம்பரில் லண்டன் சுரங்க ரயிலில் மின்ஸ்கூட்டர் ஒன்று தீப்பற்றியது. டிசம்பர் 13 முதல் லண்டன் போக்குவரத்து வலையம் முழுவதிலும் அதற்குத் தடை, மடித்து வைத்திருந்தாலும்கூட. 2025 மார்ச் இறுதியில் மடிக்க முடியாத மின்சைக்கிள்களும் பட்டியலில் சேர்ந்தன. 2022 நவம்பரில் பார்சிலோனா அருகே ரயிலுக்குள் ஒரு மின்ஸ்கூட்டர் வெடித்தது. நகரப் போக்குவரத்து சில மாதங்களில் தடை விதித்தது. 2023 டிசம்பரில் ஸ்பெயினின் ரென்ஃபே நிறுவனமும் நாடு முழுக்க ரயில் கதவை மூடியது. கைப்பேசிக்கான பவர் பேங்கை ஐரோப்பிய ரயில்களில் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. சீனாவில் பார்ப்பார்கள்: 100 வாட்மணிக்குள் இருக்க வேண்டும், அந்த எண் மேலுறையில் தெளிவாகத் தெரியவும் வேண்டும். சாதாரண பவர் பேங்கில் இது ஏறத்தாழ 27,000 மில்லி ஆம்பியர்மணி. எழுத்து தேய்ந்துபோன பழைய பவர் பேங்க், கொள்ளளவு குறைவாக இருந்தாலும் சிக்கிக்கொள்ளும்.

சாப்பாடு விஷயத்தில் உலகம் இரண்டுபட்டுக் கிடக்கிறது. ஜப்பானின் நெடுந்தூர ரயிலில் சாப்பிடுவது பயணத்தின் பாதி இன்பம். நிலையங்களில் விற்கும் எக்கிபென் என்ற பொதிசோறு ஊருக்கு ஊர் வேறு. தோக்கியோ–ஒசாக்கா தடத்தில் தள்ளுவண்டி விற்பனை 2023 அக்டோபரோடு நின்றுவிட்டதால் ஏறுமுன்பே வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் நகருக்குள் ஓடும் கூட்டமான ரயிலில் அங்கே யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். விதியை விடக் கண்ணியம் அதைத் தடுக்கிறது. ரஷ்ய, சீன ரயில்களில் பெட்டிக்குப் பெட்டி கொதிநீர் கிடைக்கும். ரஷ்யப் பெட்டியில் சமோவார் எனும் கொதிநீர்க் கலம் எப்போதும் சூடாகவே இருக்கும். நூடுல்ஸ் டப்பாவுக்கு அங்கே இருக்கிற மவுசே இதனால்தான். அவல், உடனடி உப்புமாப் பொட்டலம், ரசப்பொடி, ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தால் சைவ உணவுக்காரர் மாஸ்கோவிலிருந்து விளாடிவொஸ்தோக் வரை பட்டினியின்றிப் போய்ச் சேரலாம்.

எதிர்முனையில் சிங்கப்பூர். மெட்ரோ ரயிலில் உண்டாலோ குடித்தாலோ 500 டாலர் வரை அபராதம், தண்ணீரும் சேர்த்தி. புகைத்தால் 1,000 டாலர், தீப்பற்றும் பொருள் கொண்டுவந்தால் 5,000 டாலர். டுரியானுக்கும் தடைப்படம் உண்டு. அதன் கீழே மட்டும் தொகை எழுதியிருக்காது. 1992-இல் அந்நாடு சூயிங் கம் இறக்குமதியைத் தடை செய்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களிலும் ரயில் இருக்கிறது: 1987-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவின் கதவு உணரிகளில் விஷமிகள் கம்மை ஒட்டி ரயிலை நிறுத்திவிட்டார்கள். மதுவிலும் நாட்டுக்கொரு நீதி. லண்டன் சுரங்க ரயிலில் 2008 ஜூன் 1 முதல் திறந்த மதுப்புட்டி கூடாது. ஆம்டிராக்கில் சொந்த மதுவைத் தனியறை எடுத்தவர் தன் அறைக்குள் மட்டும் அருந்தலாம். அதே ஆம்டிராக், 24 மணி நேரம் முன்பே அறிவித்துப் பூட்டிய கெட்டிப்பெட்டியில் வைத்தால் துப்பாக்கியையும் 2010 டிசம்பர் முதல் சரக்குப் பெட்டியில் ஏற்றிக்கொள்கிறது. சீனாவிலோ சற்றே நீண்ட பழக்கத்திக்கே பெட்டிக்குள் இடமில்லை.

வளர்ப்புப் பிராணிகளுக்குப் பிரிட்டன் இரண்டு வரை இலவச இடம் தருகிறது. ஜெர்மனியில் கூடையில் அடங்காத நாய்க்குத் தனி டிக்கெட்டும் வாய்க்கூண்டும் தேவை. ஜப்பானில் கூண்டோடு சேர்த்து 10 கிலோவுக்குள் இருந்தால் சிறு கட்டணம். லண்டன் யூரோஸ்டாரில் உதவி நாய்களைத் தவிர வேறெதற்கும் அனுமதி இல்லை. சைக்கிள் என்றால் மடித்துப் பையில் போட்டது எங்கும் பெரும்பாலும் சாமான் கணக்கில் சேர்ந்துவிடும்.

ரயில் எல்லையைத் தாண்டும்போதுதான் கணக்கு முற்றிலும் மாறுகிறது. அங்கே கேள்வி இடத்தைப் பற்றியதல்ல, சுங்கத்தைப் பற்றியது. ஹாங்காங் நல்ல எடுத்துக்காட்டு. 2008-இல் சீனாவில் மெலமைன் கலந்த பால்மாவால் லட்சக்கணக்கான குழந்தைகள் நோயுற்ற பிறகு, பெற்றோர்கள் வெளிநாட்டுப் பால்மாவைத் தேடி அலைந்தார்கள். குருவிகளாக மாறிய வியாபாரிகள் ஹாங்காங் கடைகளைக் காலிசெய்து, எல்லையிலுள்ள லோ வூ நிலையத்துக்குப் போகும் ரயிலில் மூட்டை மூட்டையாக ஏற்றினார்கள். ஹாங்காங் தாய்மார்களுக்கே பால்மா கிடைக்கவில்லை. இதையடுத்து அந்தத் தடத்தில் சுமை வரம்பு 32 கிலோவிலிருந்து 23 கிலோவாகக் குறைந்தது. ஷியுங் ஷுய் நிலையத்தில் தராசுகள் வந்து உட்கார்ந்தன. 2013 மார்ச் 1 முதல் ஹாங்காங்கை விட்டு வெளியேறுகிறவர் 1.8 கிலோ பால்மா, அதாவது சுமார் இரண்டு டப்பாதான் கொண்டுபோகலாம். மீறினால் 5 லட்சம் ஹாங்காங் டாலர் வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் உண்டு. 2015-இல் ரயிலின் சுமைக் கெடுபிடி இசை மாணவர்கள் மேல் பாய்ந்தது. பெரிய இசைக்கருவியோடு வந்தவர்கள் அளவு மீறியது என்று நிறுத்தப்பட்டார்கள். மூட்டை வியாபாரிகள் போய்க்கொண்டிருக்க, மாணவர்களைப் பிடிக்கிறார்களே என்று ஊரே கொதித்தது. சில வாரங்களில் பெரிய இசைக்கருவிகளுக்குப் பதிவு அனுமதி முறை வந்தது.

லண்டன்–பாரிஸ் தடத்தில் இந்தச் சுங்கக் கணக்கு தமிழர்களை நேரடியாகத் தொடுகிறது. இரு நகரங்களிலும் ஈழத்தமிழர் குடும்பங்கள் பிரிந்து வாழ்கின்றன. திருமணம், பூப்புனித நீராட்டு, கோயில் திருவிழா என்று யூரோஸ்டாரில் போய்வருவோர் ஏராளம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின், 2021 தொடக்கம் முதல், பிரிட்டனிலிருந்து இறைச்சியையும் பால்பொருளையும் தனிப்பட்ட பையில் கொண்டுபோக முடியாது. ஆட்டுக்கறி, நெய், பனீர் எல்லாம் அதில் அடக்கம். மீனுக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. கருவாடும் சேர்த்து 20 கிலோ வரை அனுமதி உண்டு, சக பயணிகளின் மூக்கு சம்மதித்தால். காய்கறிக்கும் இலைதழைக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழ் தேவைப்படாதவை ஐந்தே பழங்கள்: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டுரியான். சிங்கப்பூர் ரயில் விரட்டும் பழத்தை ஐரோப்பிய எல்லை கேள்வி கேட்காமல் விடுகிறது, கறிவேப்பிலையைத்தான் தடுக்கிறது. எதிர்த்திசையிலும் இப்போது கதவு குறுகிவிட்டது. 2025-இல் ஐரோப்பாவில் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் தலைகாட்டியதால், ஏப்ரல் 12 முதல் மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றின் இறைச்சியையும் பால்பொருளையும் ஒன்றியத்திலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுவரத் தடை. பாரிஸில் வாங்கிய பாலாடைக்கட்டி உறை பிரிக்காததாக இருந்தாலும் அதற்கு விலக்கில்லை.

இத்தகைய எல்லை விதிகள் ஒரு நோய்ச் செய்தியால் ஒரே வாரத்தில் மாறக்கூடியவை. சுமை அளவுகள் ரயில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுபவை. டிக்கெட் எடுக்கும்போதே அந்த நிறுவனத்தின் நிபந்தனைகளையும், எல்லை கடப்பதென்றால் போகும் நாட்டின் சுங்க விதிகளையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பாரிஸ் போகிறவர்கள் கறிவேப்பிலைக்காகவும் நெய்க்காகவும் சுங்க அதிகாரியோடு மல்லுக்கு நிற்க வேண்டியதும் இல்லை. யூரோஸ்டார் வந்து நிற்கும் கார் து நோர் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் லா சப்பல் தமிழ்க் கடைத்தெரு இருக்கிறது. இரண்டும் அங்கே கிடைக்கும்.